தாய்மொழியில் வரலாறு கற்பித்த பேராசான்



ஓரினத்தை அடிமைகொள்ள விரும்புவோர் முதற்கண் அதன் மொழியை ஒடுக்குவர். பின்னர் அதன் வரலாற்றைத் தம் வரலாற்றின் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்வர். உருசியப் பேரரசு உக்கிரைனியர்க்கு இவ்விரண்டையுமே செய்தது. உக்கிரைன் மொழி தனிமொழியே அன்று, உருசியத்தின் கொச்சை என்று கூசாமல் கூறினர். 1876-இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னன் பிறப்பித்த ஆணை அம்மொழியில் பெரும்பாலான நூல்கள் அச்சேறுவதையே தடுத்தது.

அந்த ஆணைக்குப் பத்தாண்டு முன்னர், 1866-இல் பிறந்தவர் மிக்கைலோ உருசெவ்சுக்கி. தந்தையார் ஆசிரியர். சிறுவயது காக்கேசிய மலைநாட்டில் கழிந்தது. சுற்றிலும் வேற்றுமொழி, உக்கிரைன் உணர்வோ பெற்றோர் வாய்மொழியாலேயே அவருள் ஊறியது. கீவ் பல்கலைக்கழகத்தில் அந்தோனோவிச்சு என்னும் பேராசிரியரிடம் வரலாறு பயின்றார்.

1894-இல் ஆசுத்திரிய ஆட்சியிலிருந்த இலிவிவ் நகரப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. 'உக்கிரைன் வரலாறு' என்று அவ்விருக்கைக்குப் பெயரிட ஆட்சியாளர் ஒப்பவில்லை. உலக வரலாறு, அதில் கிழக்கு ஐரோப்பாவுக்குத் தனிச்சிறப்பு என்று சுற்றிவளைத்துப் பெயரிட்டனர். பெயர் எதுவாயின் என்ன? இருபத்தெட்டு அகவை இளைஞர் எழுந்து நின்று உக்கிரைன் மொழியிலேயே முதலுரை ஆற்றினார். தாய்மொழியில் உயர்கல்வி இயலாது என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்!

1898-இல் 'உக்கிரைன்-உருசு வரலாறு' முதல் மடலம் வெளிவந்தது. பழங்கீவ் அரசை மாசுக்கோ அரசின் தொடக்கமாகக் காட்டிவந்த வழக்கத்தை அவர் மறுத்தார். அதன் நேர்வழித் தொடர்ச்சி உக்கிரைன் மக்களே என்று நிறுவினார். 1904-இல் பேரரசின் தலைநகரிலேயே இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். மன்னர் வரிசையை அடுக்குவதன்று வரலாறு, மக்கள் வாழ்வே வரலாறு என்பது அவர் கொள்கை.

1896-இல் ஆசிரியையான மரியா அம்மையாரை மணந்தார். 1900-இல் ஒரே மகள் கத்தரீனா பிறந்தாள். இலிவிவில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பாவலர் இவான் பிராங்கோவினுடையது. தந்தையின் வழியே மகளும் ஆய்வாளரானார். உக்கிரைன் நாட்டு வாய்மொழி வீரப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார்.

1914-இல் உருசிய அரசு பேராசிரியரைச் சிறைப்படுத்தி வோல்கா ஆற்றுப்பக்கத்துச் சிம்பிர்சுக்கு நகருக்கு அகற்றியது. 1917-இல் பேரரசு சரிந்தது. கீவில் அமைந்த நடுவண் பேரவை அவரையே தலைவராக்கியது. 1918 தொடக்கத்தில் கீவைத் தாக்கிய போல்செவிக்குப் படை அவர் வீட்டைக் குண்டெறிந்து எரித்தது. நூலகமும் கையெழுத்துப் படிகளும் அரும்பொருள்களும் சாம்பலாயின. அந்த அதிர்ச்சியில் முதிய தாயார் சில நாள்களில் உயிர் நீத்தார். குடும்பத்தோடு 1919-இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1924-இல் அவர் மீண்டும் கீவுக்குத் திரும்பினார். வீட்டை எரித்தவர் ஆட்சிக்கே திரும்புவதா என்று தோழர்கள் சினந்தனர். அச்சினம் முறையானதே. ஆயினும் முடிக்காத வரலாறும் அதற்கு வேண்டிய ஆவணங்களும் கீவில் அல்லவா இருந்தன! வந்தவர் ஏழாண்டு ஓயாது உழைத்தார். 1931-இல் தளையிட்டனர், பின் விடுத்து, கீவில் வாழவிடாது மாசுக்கோவில் இருத்தினர். பார்வை மங்கியபோதும் எழுதுவதை விடவில்லை. 1934 நவம்பரில் கிசுலோவோதுசுக்கு என்னும் ஊரில், கட்டி ஒன்றை அறுத்த மருத்துவத்திற்குப் பின் இறந்தார்.

பத்தாம் மடலத்தை மகள் கத்தரீனாவே பதிப்பித்து 1936-இல் வெளிக்கொணர்ந்தார். இரண்டே ஆண்டில் அவரையும் பிடித்தனர். 1943-இல் தொழிற்சிறை முகாமில் மாண்டார். கணவரையும் ஒரே மகளையும் இழந்த மரியா அம்மையார் 1948 வரை வாழ்ந்திருந்தார். அந்தப் பெருநூல் 1658-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.