பட்டம் பெற்ற பின் ஓராண்டு

(பெரணமல்லூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வாலிபர்களின் உத்தியோக முன்னேற்றத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் மேடைப் பேச்சிற் பழகியவனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனத்த கான்கிரீட் சுவர்களுக்கிடையே அளவு கருவிகளோடு காலங் கழித்தவன். ஊருக்கு வருந்தோறும் பெரியவர்கள், "தம்பி, நீ டாக்டரா? மெஷின் பார்க்கிறவனா?" என்று வினவுவதுண்டு. அவ்வினா நியாயமானதே. இரண்டுமல்லேன் என்று விடை கூறினால், பின் எதற்கு உனக்குச் சம்பளம் என்னும் அடுத்த வினா அவர்கள் முகத்திலே தோன்றும்! ஆதலின் அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்யும் வைத்தியர், இந்நோயாளிக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே கொடுக்க என்று எழுதுவார். கிரே என்பது உடல் ஏற்கும் கதிரின் அளவு. யந்திரம் அவ்வளவையே கொடுக்கின்றதா, கொடுக்க வேண்டிய இடத்திலேதான் கொடுக்கின்றதா என்பதை யார் அறிவார்? கதிரோ கண்ணுக்குத் தெரியாது, தோலுக்கும் அப்போது சுடாது. குறைந்தால் நோய் மீளும். மிகுந்தால் நல்ல தசை கெடும். குறித்த அளவுக்கும் கொடுத்த அளவுக்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்க வேண்டுமென்பது உலக வழக்கு. அதற்குப் பிணை நிற்பவனே மருத்துவப் பௌதிகன்.

பிணை தவறினால் விளைவதென்ன? அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரிலே 1974 முதல் 1976 வரை நிகழ்ந்ததைக் கேளுங்கள். கோபால்ட் என்னும் கதிர்ப்பொருள் மாதத்திற்கு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகத் தன் வலிமை குன்றும். குன்றும் வேகமும் வரவரக் குறையும். அங்கிருந்த பௌதிகர் அதனை நேர்கோடாகத் தாளில் வரைந்துவிட்டார். கோடு காட்டிய வலிமை மெய்யான வலிமையினும் தாழ்ந்தது. ஆகவே நோயாளிகள் வேண்டியதினும் நெடுநேரம் கதிரின்கீழ்க் கிடத்தப்பட்டார்கள். 400-க்கும் மேற்பட்டோர் மிகையளவு பெற்றனர். ஏறக்குறைய இரண்டாண்டுகள் யந்திரத்தின் வலிமையை எவரும் மீண்டும் அளந்து பார்க்கவில்லை. கணக்கு அறியாதவரல்லர் அவர். அருகிருந்து, "இதை அளந்து பார்த்தாயா?" என்று கேட்க ஒருவரில்லை, அவ்வளவே.

இத்தொழில் குரு சிஷ்ய வழியிலேயே வளர்ந்தது. நம் தேசத்தில் இதற்கு முன்னோடியெனப் போற்றப்படும் டாக்டர் ராமய்யா நாயுடு பாரிஸ் நகரிலே கியூரி அம்மையாரிடம் பயின்றவர். பின்னர்ப் பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையிற் பணி புரிந்தார். 1976-இல் தோன்றிய இந்திய மருத்துவப் பௌதிகர் சங்கம் அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவு நடத்திவருகின்றது. கனடாவிலே ஹெரால்டு ஜான்ஸ் என்பார், 1951-இல் உலகின் முதற் கோபால்ட் யந்திரங்களுள் ஒன்றைத் தம் மாணவர்களைக் கொண்டே அமைத்தளந்தார். அம்மாணவர்களுள் ஒருவர் சில்வியா ஃபெடோருக் என்னும் பெண்மணி. 1988-இல் அவர் சஸ்காச்சுவான் மாகாணத்தின் துணைநிலை ஆளுநரானார். ஜான்ஸிடம் பயின்ற மற்றொருவர் ஜேம்ஸ் டில். குருத்தணுவைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். சென்னை அடையாற்றிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்திற்குச் சில ஆண்டுகளிலேயே வந்திறங்கிய கோபால்ட் யந்திரமும் கனடாவிலிருந்து வந்ததுதான்.

இப்பொழுது இத்தொழிலுக்கு வழி யாதெனில்: டிராம்பே அணுசக்தி நிலையத்திலே 1962 முதல் பௌதிக எம்.எஸ்ஸி. தேறியவர்களுக்கு ஒரு டிப்ளமா வகுப்பு ஏற்பட்டது. நமக்கு அண்மையில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் பௌதிகத்திற்கே எம்.எஸ்ஸி. உண்டு. ஆனால் பெற்றோர் பலர் அறியாதது ஒன்றுண்டு. பட்டத்தோடு இது முடிவதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, தக்க வசதியுள்ள கதிர் சிகிச்சைப் பிரிவிலே 12 மாதம் மூத்த பௌதிகர் ஒருவரின்கீழ்ப் பயிற்சி பெற்றாலன்றி ஒருவன் மருத்துவப் பௌதிகனாகக் கொள்ளப்படான்.

அந்த ஓராண்டிலேதான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். பயிற்சியிடங்கள் குறைவு, சிலவிடத்து உபகாரச் சம்பளம் சொற்பம், சிலவிடத்து அதுவுமில்லை. வீட்டிலோ, "பட்டம் வாங்கியாயிற்றே, இன்னும் என்ன படிப்பு?" என்பார்கள். நகரத்துப் பிள்ளைக்கு மாமனோ சிற்றப்பனோ வழி சொல்வார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வார்?

என் பயிற்சியாண்டில் எனக்கு வாய்த்த மூத்தவர் கடிந்து பேசாதவர். விடியற்காலையில் நீர்த்தொட்டியிலே அளவுக் குழலை இறக்கிக் கதிரை அளந்து, அன்றைய வெப்பத்திற்கும் காற்றழுத்தத்திற்கும் ஏற்பத் திருத்தி எழுதுவது என் வேலை. ஒருநாள் முந்தின நாள் வெப்பத்தையே மறந்து எழுதிவிட்டேன். விடை சற்றே பிசகியது, விதிக்குட்பட்டதுதான். அவர் தாளைப் பார்த்தார். சிகிச்சையறைக் கதவைச் சாத்தினார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, "மறுபடி அள" என்றார். அளந்து முடிக்க அரைமணி நேரமாயிற்று. அந்த அரைமணி நேரமும் கதவின் கண்ணாடி வழியே ஒரு கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாண்டு வகுப்பிற் கற்றதெல்லாம் ஒரு தட்டு, அது ஒரு தட்டு.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துப் பெண்ணொருத்தி, பட்டுத் தறிக்காரர் மகள், எம்.எஸ்ஸி. முடித்துப் பயிற்சிக்கு எங்கெங்கே விண்ணப்பிக்கலாமென்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதினாள். அழகான கையெழுத்து. வேலை மிகுதியென்று மேசையறையிற் போட்டேன். நான்கு மாதங் கழித்து எடுத்து விடை எழுதியபோது, விண்ணப்பக் காலம் கடந்துவிட்டது. அவள் ஒரு பள்ளியில் ஆசிரியையாக அமர்ந்துவிட்டாள். ஆசிரியத் தொழில் தாழ்ந்ததன்று; ஆயினும் அவள் நாடிச் சென்றது அதுவன்று. இன்று இங்கே யான் வந்து நிற்பதற்கு அந்தக் கடிதமே காரணம்.

நம் சங்கத்துக் கல்வி நிதி, படிப்பு முடிந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. அதனைப் பயிற்சியாண்டின் 12 மாதத்திற்கும் நீட்டித் தரவேண்டுமென்பது என் முதல் விண்ணப்பம். தேறியவனுக்கு எதற்குத் தருமம் என்று நிதிக்குழுப் பெரியவரொருவர் என்னிடம் கேட்டார். ஐயா, கோர்வைப் புடவை நெய்பவரிடம் கேளுங்கள். நாடா எறியத் தெரிந்தவனெல்லாம் உடலையும் கரையையும் பிசிறின்றிப் பிணைத்துவிடுவானா? எதிர்ப்பக்கத்திலே துணைக்கு உட்கார்ந்து பலநாள் கண்டு கைவந்தவனே அது செய்வான். (சிறுவரைத் தறியில் அமர்த்திய அந்நாள் மீள வேண்டுமென்று யான் சொல்லவில்லை.) பாதியில் எழுப்பிவிட்டால் முன்செலவிட்ட பணமுமன்றோ வீண்?

இரண்டாவது விண்ணப்பத்திற்குப் பணம் வேண்டாம். சங்கத்திலே ஒரு பேரேடு வைக்க வேண்டும். பௌதிகமோ, பொறியியலோ, சட்டமோ, வெளியூர்களில் உத்தியோகத்திலிருக்கும் நம்மவர் பெயர்களை அதிலெழுதி, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு மாணாக்கரை ஒப்புவிக்க வேண்டும். இருவரை ஒப்புவித்தால் இருவரையும் மறப்பார், என் அநுபவம். பிள்ளை எழுதும் கடிதத்திற்கு 15 நாளுக்குள் விடை வரவில்லையேல் காரியதரிசி அவர்கள் அப்பெரியவரைக் கூசாமற் கேட்டு எழுத வேண்டும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

திங்கட்கிழமை காலை வரை இவ்வூரில் இருப்பேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவர்கள், முடித்தவர்கள், இன்று மாலை விளக்கு வைத்தபின் சங்கக் கட்டடத்திற்கு வரலாம். பெற்றோரையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் தாள்களைக் கொண்டுவர மறக்க வேண்டாம்.