பஸ் காசும் வைத்தியச் செலவுதான்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)

ஒரு குழுவில் மூன்று வியாழக்கிழமை கூட்டத்துக்கு வராத அக்காவுக்கு அபராதம் போட்டாங்க. விதி விதிதானே என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அவங்க இரண்டரை வயதுப் பையனுக்கு மூளை முடக்குவாதம். இன்னும் தலை நிற்கவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது. வியாழன்தான் பயிற்சிக்குப் போகிற நாள்.

இது சாபமும் இல்லை, ஒட்டுகிற நோயும் இல்லை. பிறக்குமுன்போ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. முழுசாகக் குணமாக்குறேன் என்று எண்ணெய் விற்பவரை நம்பாதீங்க. அதற்கே இந்த அக்கா எட்டாயிரம் கந்துவட்டிக்கு வாங்கியிருக்காங்க. பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கி, விடாமல் செய்தால் உட்கார, பிடிக்க, விழுங்கப் பிள்ளை பழகும்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். மாற்றுத்திறனாளி சான்று வாங்கிவிட்டால் நிரமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் அதில் உண்டு. ஆனால் இரண்டு பஸ் மாறிப் போகிற காசையும் அன்றைய கூலியையும் யார் தருவாங்க? அங்கேதான் பல பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் குழு தீர்மானம் போட்டது. உள்கடன் கொடுத்துக் கந்துவட்டியை அடைத்தாங்க. கூட்டம் புதன் ராத்திரிக்கு மாறியது. அபராதம் முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தப்போ அந்த அக்கா, "நாளைக்கு பஸ்சுக்கு ஆச்சு" என்று முந்தானையில் முடிஞ்சுக்கிட்டாங்க.