மலைப் பயணமும் முன்னேற்பாடும்

(திருக்கோஷ்டியூரில் நமது சங்கத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகின்ற தை மாதத்தில் நம் சங்கத்து இளைஞர் 22 பேர், அவருள் பெண்மக்கள் மூவர், மோட்டார் சைக்கிள்களில் இவ்வூரினின்றும் புறப்பட்டு, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லை அணுகி, சிறுமலையேறி, அங்கே ஒரு தோட்டத்திற் கூடாரமடித்து ஓரிரவு தங்கி மீள்வதென்று தீர்மானித்திருக்கின்றனர். அதற்குரிய முன்னேற்பாடுகளைப் பற்றிச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் யாது இயைபு என்று உங்களிற் சிலர் நகைத்தல் கூடும். யாம் ஓட்டுவது பள்ளிக்கூடத்திற்கும் வீட்டிற்குமாக ஒரு பழைய ஸ்கூட்டரே. எனினும் இப்பணியை யாம் மறுத்திலோம். அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை.

ஈராண்டுகட்கு முன்னர் நம் இளைஞர் பன்னிருவர் இவ்வாறே ஒரு பயணம் புறப்பட்டனர். தெப்பக்குளக் கரையில் அவர்களுக்கு மாலை சூட்டி, வீரத்தைப் புகழ்ந்து, வாழ்த்துரை கூறி விடுத்தவர் யாமே. யார் முன் செல்வார், யார் பின் வருவார் என்று ஒரு வினா யாம் வினவவில்லை. நத்தத்திற்கு இப்பால் ஒரு வளைவில், எல்லார்க்கும் பின்னே வந்த பிள்ளை சரளைக் கல்லிற் சறுக்கி ஓடையில் வீழ்ந்தான். முன்னே சென்றோர் ஒருவரையொருவர் முந்தும் விருப்பினால் திரும்பிப் பார்த்திலர். தேநீர் அருந்த நின்ற இடத்திலேதான், ஒருவன் குறைகின்றான் என்பது புலப்பட்டது. அதற்குள் ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது. ஆடு மேய்த்த ஒரு முதியவர் கண்டமையால் அவன் உயிர் பிழைத்தான். ஆயினும் வலக்கால் இன்றும் பழைய கால் ஆகவில்லை. அவன் எம்மிடம் ஐந்தாண்டு பயின்ற மாணாக்கன். இக்கூட்டத்திலே பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றான். அவனுடைய தாயாரும் வந்திருக்கின்றார்கள். அன்று யாம் கூறாது விட்டதை இன்று கூறுகின்றோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், இத்தகைய பயணங்களைச் சங்கம் அறவே தடுக்க வேண்டுமென்று பெரியோர் சிலர் கூறினர். அவர் அச்சம் வீணன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிர் துறந்தோர் 1,68,491 பேர். அவருள் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளிற் சென்றோர் என்று அரசாங்கத்தின் அறிக்கையே கூறுகின்றது. ஆனால் தடை விதித்தால் இளைஞர் செல்லாது நிற்பாரோ? சொல்லாமற் செல்வர், அவ்வளவே வேறுபாடு. ஆதலின் தடுத்தலினும் ஒழுங்குபடுத்துதலே தக்கது என்பது எமது கருத்து.

ஒழுங்கு என்பது யாது? ஒரே நிறச் சட்டையும் வண்டிக்கொரு கொடியும் ஒழுங்காகா. உடன் வருவோனுக்கு நான் பொறுப்பு என்று ஒவ்வொருவனும் ஏற்றுக்கொள்வதே ஒழுங்கு. இதற்குச் சான்று தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. இராமாநுசர் திருவரங்கத்தினின்றும் இவ்வூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வழி அது. தண்டும் பவித்திரமுமாகத் தனியே வருக என்று நம்பி சொல்லி அனுப்ப, அவரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன்கொண்டு வந்தார். வினவியபோது, இவ்விருவரே என் தண்டும் பவித்திரமும் என்று விடை கூறினார் என்பர். அப்பெருமகனார் கோபுரமேறி உரைத்ததை நாம் எப்போதும் பேசுகின்றோம். அதற்கு முன் நிகழ்ந்த இவ்விடையைப் பேசுவதில்லை. வழிச்செல்வோனுக்கு ஊன்றுகோல் உடன் வருவோனே என்பது அதிற் பொதிந்த பொருள்.

நம் கண்முன்னே ஆண்டுதோறும் நிகழும் சான்றும் ஒன்றுண்டு. அண்டையிலுள்ள நகரத்தார் பெருமக்கள் குன்றக்குடியிலிருந்து காவடியெடுத்துச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியே தைப்பூசத்திற்குப் பழநிக்கு நடந்து செல்லுதலை நீங்கள் அறிவீர்கள். எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பனவெல்லாம் பல தலைமுறைகளாக வரையறுக்கப்பட்டுள்ளன. பழநியைச் சேர்ந்ததோடு முடிந்ததென்று எண்ணாது, காவடியோடு சென்றோர் ஊருக்கும் நடந்தே மீள்வது அவர் மரபு. மீளுதலும் பயணத்தின் ஒரு பாதி என்பதை அவரிடம் நாம் கற்க வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம் வேண்டுகின்றோம். 2021ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் அரசாங்க விடுமுறையாயிற்று. அவ்விடுமுறையை எண்ணியே நம் இளைஞர் அந்நாளைக் குறித்தனர். அந்நாட்களில் நாம் செல்ல எண்ணும் அதே சாலையில் பல்லாயிரம் அடியார் இரவும் பகலும் நடந்து செல்வர். களைத்தோர் சாலையோரத்திலேயே கண்ணயர்வர். அவர் நடுவே 22 வண்டிகளை ஓட்டிச் செல்லுதல் தகாது. பூசம் கழிந்து, நடந்தோர் ஊர் திரும்பியபின் வரும் சனி, ஞாயிறுகளைக் கொள்க.

இனி, வண்டியைப் பற்றி. தார்ச்சாலையிலும் கரட்டு வழியிலும் ஒருங்கே செல்லத்தக்க வண்டிகள் இப்போது நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. 1955ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் தொழில் தொடங்கிய என்பீல்டு கம்பெனியார் 2016இல் வெளியிட்ட ஹிமாலயன் என்பது அவ்வகையினது. முன்சக்கரம் 21 அங்குலம். பள்ளத்தையும் கல்லையும் ஏறிக் கடக்க அது உதவும். ஆரக்கம்பிச் சக்கரம் அடிபட்டால் பெரும்பாலும் வளையுமேயன்றி உடையாது. நம்மவர் பலரிடம் இருப்பன சாதாரண வண்டிகளே; அதனாற் குறைவொன்றுமில்லை. எத்தகைய வண்டியாயினும் அதனை அறிந்து ஓட்டுகின்றோமா என்பதே வினா.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதனை வாங்கினார் என்பர். வாங்கியவுடன் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டா. புறப்படுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னரே, ஒவ்வொருவரும் தம் கையாலேயே சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, மீண்டும் பூட்டிக் காட்ட வேண்டும். சங்கிலியின் தளர்ச்சியைக் கம்பெனிக் கைப்புத்தகத்தின்படி சரிசெய்து எண்ணெயிட வேண்டும். பிரேக் கட்டைகள், கிளட்சு கேபிள், விளக்கு, டயரின் பள்ளம் இவற்றை மெக்கானிக்கிடம் காட்டிப் பழையன மாற்றுக. புதுக் கேபிள் ஒன்று, டியூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு இவை நால்வர்க்கு ஒரு தொகுதி போதும். கரட்டு வழியில் டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் பிடிப்பு மிகும். ஆனால் தார்ச்சாலை வந்ததும் காற்றை நிரப்ப மறத்தல் ஆகாது. பெட்ரோலை நத்தத்திலேயே நிரப்பிக்கொள்க.

சுமையைப் பற்றி ஒரு விதி: கனமானவை கீழேயும் நடுவேயும் இருத்தல் வேண்டும். பின்னால் உயரக் கட்டிய மூட்டை வளைவில் வண்டியைச் சாய்க்கும். கூடாரம், ஜமுக்காளம், கம்பளி, டார்ச் விளக்கு, மாற்றுடை ஒன்று, நீர் மூன்று லிட்டர் போதுமானவை. பாட்டுப்பெட்டி வேண்டா. முதல் நாள் இரவிற்குப் புளிச்சோறும், மறுநாட் காலைக்குப் பொடி தடவிய இட்டிலியும் தாய்மார்கள் கட்டிக் கொடுப்பார்கள். அதனினும் சிறந்த வழியுணவை யாம் அறியோம்.

உடம்பையும் வண்டியைப் போலவே ஆயத்தம் செய்தல் வேண்டும். டெல்லியிலிருந்து லடாக்கிற்கு என்பீல்டு கம்பெனியார் நடத்தும் இமயப் பயணத்தில், செல்வோர் மருத்துவப் பரிசோதனைக்குட்பட்டு, ஐந்து கிலோமீட்டர் ஓடிக்காட்டவும் வேண்டுமென்று விதித்ததுண்டு. நம் சிறுமலை இமயமன்று. எனினும் முதல்நாள் இரவு முழுதும் கண்விழித்தவன் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகளை எங்ஙனம் கடப்பான்? இந்தியத் தரமுத்திரை பெற்ற தலைக்கவசமின்றி ஒருவரும் வரிசையில் நிற்றலாகாது. பின்னிருந்து வருவோர்க்கும் இது பொருந்தும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இதனையே விதிக்கின்றது.

தங்குமிடம் பற்றிச் சிறிது கடுமையாகவே பேச வேண்டியிருக்கின்றது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவரெல்லாம் உங்களைப்போன்ற இளைஞர். விடுமுறை நாளில் மலையழகு காணச் சென்றோர். காய்ந்த புல்லும் காற்றும் கூடிய நாளில் காடு எவர்க்கும் இரங்காது. ஆகவே சிறுமலையில் காப்புக்காட்டினுள் எவரும் கால்வைத்தலாகாது. தோட்டத்துக்காரரின் சம்மதத்தை எழுத்தாற் பெற்று, அவர் காட்டிய இடத்திலேயே கூடாரமடிக்க. விறகு கூட்டித் தீமூட்டிச் சுற்றியிருந்து பாட வேண்டுமென்று ஒருவர் எழுதியிருந்தார். தீ வேண்டா, அடுப்பொன்று எடுத்துச் சென்று, மண்தரையில் வைத்துத் தேநீர் காய்ச்சி, அணைத்து, நீர் தெளித்துவிடுக. அம்மலையிற் காட்டெருமைகள் உண்டு. இருட்டியபின் கூடாரங்களை விட்டுத் தனியே திரிதல் கூடாது. கொண்டுசென்ற பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் கொண்டுவந்த பையிலேயே திரும்புதல் வேண்டும். பெண்மக்களின் கூடாரத்திற்குத் துணையாக நம் மாதர் சங்கத்து அம்மையார் ஒருவர் காரில் வர இசைந்திருக்கின்றார்.

இறுதியாக, வரிசை. இதுவே தலையாயது. முன்செல்வோன் ஒருவன், அவனை எவரும் முந்தலாகாது. பின்வருவோன் ஒருவன், அவனுக்குப் பின் எவரும் நிற்றலாகாது. அவ்விருவரும் கூட்டத்திலேயே தேர்ச்சி மிக்கோராய் இருத்தல் வேண்டும். வலிமை குன்றியோனை முன்னவனுக்கு அடுத்து நிறுத்துக; அவன் வேகமே எல்லார்க்கும் வேகம். ஒவ்வொருவரும் தமக்குப் பின் வருவோனைக் கண்ணாடியிற் காண்க, காணாவிடில் நிற்க. சாலை பிரியும் இடந்தோறும், பின்னவன் வந்து சேரும்வரை ஒருவன் காத்து நின்றால், எவனும் வழி தவறான். மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் விதி. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குக. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறித் தளரும். மாலை நான்கு மணிக்குள் மலையேறி முடித்தல் வேண்டும். ஞாயிறன்று உண்டபின் உறக்கம் மேலிட்டால் இறங்கி ஒரு மணி நேரம் உறங்குக; தாமதமாய் வந்தமைக்கு இவ்வூரில் எவரும் உங்களைக் கடியார்.

ஒவ்வொருவரின் பெயரும், குருதி வகையும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய ஏடு ஒன்று பின்வருவோனிடமும், மற்றொன்று சங்கத்திலும் இருத்தல் வேண்டும். 108 என்னும் எண்ணை எல்லாரும் அறிவர். ஆனால் மலையிற் சில இடங்களில் கைத்தொலைபேசி பேசாது. ஆதலின் குறித்த நேரத்திற் குறித்த இடத்தினின்றும் செய்தி வராவிடில் ஊரிலிருந்து தேடிப் புறப்படுதற்கு ஒருவர் வேண்டும். அச்சங்க ஏட்டைக் காக்கும் பொறுப்பை, யாம் முன்னே சொன்ன பின்வரிசைப் பிள்ளை தானே விரும்பி ஏற்றிருக்கின்றான். இரண்டு நாளும் தொலைபேசியருகே இருப்பதாகக் கூறினான். அதனை அவன் தாயார் வாயிலாகக் கேட்டபோது எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

பெரியோர்களே, இந்நிபந்தனைகளோடு இவர்களை அனுப்பலாம் என்பது எம் விண்ணப்பம். இளைஞர்களே, இவற்றுள் ஒன்றையேனும் ஏற்க மாட்டாதவர் இப்போதே பெயரை விலக்கிக்கொள்க, அதில் இழுக்கொன்றுமில்லை. இம்முறை புறப்படும் நாளில் யாம் மாலை கொண்டுவரப் போவதில்லை. ஞாயிறு மாலை தெப்பக்குளக் கரையில் காத்திருப்போம். 22 பேரையும் ஒவ்வொருவராய் எண்ணி முடித்தபின், எல்லார்க்கும் கடைசியில் வந்து வண்டியை நிறுத்துவோன் எவனோ, அவன் கழுத்திலேயே முதல் மாலை விழும்.