ஒரு பாட்டு, பத்துப் பேர்



கவிதைக்குப் புதியவர்கள் எங்கே தொடங்குவது என்பது, ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களிடம் இந்த அறக்கட்டளையின் சார்பில் பேச எனக்குத் தரப்பட்ட பொருள். இந்த ஊரில் நின்று பேசுகிறேன். ஆகவே இந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் வைணவ ஆசாரியர் இராமாநுசர் பிறந்தார் என்பது மரபு. பின்னாளில் அவர் திருவரங்கத்தில் திருமாலையாண்டானிடம் நம்மாழ்வாரின் திருவாய்மொழியைப் பாடம் கேட்டார். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரம். அறியாத பருவத்திலேயே அன்பை உண்டாக்கிவிட்டு, பிறகு இந்த உடம்போடு பிணைத்து வைத்துவிட்டாயே என்று நம்மாழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் சொன்னார். இராமாநுசருக்கு அது ஒப்பவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் களிப்பில் திளைக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் ஏன் அழ வேண்டும் என்று எண்ணினார். அதே சொற்களை வேறு விதமாகக் கூட்டிப் படித்தார். அறியாமையில் கிடந்த காலத்திலேயே அன்பைத் தந்தாயே என்னும் நன்றி அங்கே பிறந்தது. இது விசுவாமித்திர சிருஷ்டி, அதாவது மரபில் இல்லாத புதுப் படைப்பு என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். இராமாநுசரின் மற்றோர் ஆசிரியரான திருக்கோட்டியூர் நம்பி தலையிட்ட பிறகுதான் பாடம் தொடர்ந்தது என்கின்றன குருபரம்பரைக் கதைகள்.

கவிதையைக் கூடிப் படிப்பதன் இலக்கணம் முழுவதும் இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. ஆசிரியர் சொன்ன பொருளுக்கு மாணவர் மாற்றுப் பொருள் சொல்லலாம். ஆனால் அதற்கான சான்றைப் பாட்டுக்குள்ளிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். வைணவ உரைகாரர்கள் இத்தகைய இரண்டு பொருள்களையும் 'நிர்வாகம்' என்ற பெயரால் அடுத்தடுத்து எழுதிவைத்தார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடவில்லை.

நம் காலத்துக்கு அருகில் வந்தால், ரசிகமணி டி.கே.சி. (1882–1954) இருக்கிறார். சட்டம் படித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டம், தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கும் கம்பனை நெருக்கமாக்கியது. ஒரு பாட்டை எடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்லுவார். காதுக்குள் பாட்டு இறங்கிய பிறகே பேச்சு. பள்ளிக்கூடத்தில் நமக்கு இது தலைகீழாக நடந்தது. பதவுரையும் இலக்கணக் குறிப்பும் முதலில் வந்தன. பாட்டு வந்து சேரவே இல்லை. 'கவிதை நமக்கு வராது' என்று இங்கே பலர் சொல்வதற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு.

இப்போது ஒரு பாட்டைச் சேர்ந்து பார்ப்போம். சங்க நூலான குறுந்தொகையின் ஆறாம் பாட்டு; பதுமனார் எழுதியது; நான்கே அடி. நள்ளிரவு. பேச்சரவம் ஓய்ந்துவிட்டது. ஊரும் உலகமும் வெறுப்பேதும் இல்லாமல் உறங்குகின்றன. ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். பாட்டு இவ்வளவுதான். அவள் ஏன் உறங்கவில்லை என்று பாட்டு சொல்லவே இல்லை. தலைவன் திருமணத்தைத் தள்ளிவைத்துப் பிரிந்ததால் ஆற்றாமல் தோழியிடம் சொன்னது என்று சொல்வது, பாட்டின் சூழலைக் கூறப் பின்னர் வந்த துறைக்குறிப்பு. அந்தக் குறிப்பு அருமையானது. ஆனாலும் முதல் வாசிப்பில் அதை மூடி வைத்துவிடுங்கள். நைட் ஷிப்டில் லைனில் நின்ற ஒரு பெண்ணுக்கு, தான் மட்டும் விழித்திருக்கும் அந்த யாமத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளிப் பெண் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து, இரண்டில் எது பாட்டின் சொற்களோடு கூடுதலாகப் பொருந்துகிறது என்று வாதாடுங்கள். உறங்குகிறவர்களிடம் வெறுப்பில்லை என்று பாட்டில் வருகிறவள் எதற்காகக் குறிப்பிடுகிறாள்? அது பொறாமையா, பக்கத்தில் உறங்கும் தோழிமேல் கோபமா? ஒரு மாலைப் பொழுதுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

உழைப்பவர்களுக்குக் கவிதைக்கு நேரம் ஏது என்பார்கள். ஆனால் சிங்கப்பூரில் 2014-இல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி வங்கமொழியில் தொடங்கியது. பிறகு தமிழும் பிற மொழிகளும் சேர்ந்தன. கட்டுமானத் தளங்களிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் கவிதைகள் வந்தன.

நம் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் இருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். இத்தனை பேச்சு வழக்குகளும் மொழிகளும் ஒரே தெருவில் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஓவர்டைம் இல்லாத ஒரு நாள் பார்த்துப் பத்துப் பேர் கூடுங்கள். ஒரே ஒரு பாட்டை மூன்று முறை, மூன்று குரல்களில் வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லைக் கூச்சமின்றிக் கேளுங்கள். உங்களுக்குப் பட்ட பொருளைச் சொல்லி, எந்தச் சொல்லால் அப்படிப் பட்டது என்றும் காட்டுங்கள். அடுத்த முறை ஒடியா பேசும் தோழரைத் தம் மொழிப் பாட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விடுதி நடத்துவோரும் நூலகத்தாரும் இதற்கு ஓர் அறையும் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தர வேண்டும். இந்த அறக்கட்டளையின் முதல் கூட்டம் அடுத்த மாதமே நடக்கட்டும்; பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இங்கே இருப்பவர்களில் இளையவரிடம் விடுங்கள்.