சிங்கப்பூர் போகுமுன் ஒரு கணக்கு



பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், ஒருமுறை சிங்கப்பூர் பார்த்துவிட்டு வரலாம் என்ற பேச்சு நம் குடியிருப்பில் அடிக்கடி கேட்கிறது. தாராளமாகப் போய்வாருங்கள். வங்கியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பணத்தில் போகிறீர்கள்? வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். நகையை அடகு வைத்தால் ஊர் திரும்பிய பிறகும் வட்டி ஓடும். அதைவிட ஓர் ஆண்டுக்கு முன்பே ஆர்.டி. தொடங்குங்கள். மாதம் 10,000 ரூபாய் போட்டால் ஆண்டு முடிவில் 1,20,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அந்தத் தொகைக்கு ஏற்ப நாட்களைக் குறையுங்கள். நாட்களுக்கு ஏற்பக் கடன் வாங்காதீர்கள்.

டிக்கெட்டை மதுரை, திருச்சி, சென்னை மூன்றிலும் விலை பாருங்கள். சிலமலையிலிருந்து விமான நிலையம் போகும் செலவையும் சேர்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். இந்தியர்களுக்கு விசா அவசியம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பும் வருகை அட்டை அரசு இணையதளத்தில் இலவசம். அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

நம் வங்கி அட்டையை அங்கே பயன்படுத்தினால் எவ்வளவு கட்டணம் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் இயந்திரம் 'ரூபாயா, டாலரா' என்று கேட்டால் சிங்கப்பூர் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். ஏலக்காய் ஏலத்தில் ஒரு ரூபாய்க்கு யோசிக்கும் ஊர்க்காரர்கள் இதில் ஏமாறலாமா?

உணவகங்களில் விலைப்பட்டியலில் '++' இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனியாக வரும். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் போன்ற உணவு அங்காடிகளில் சேவைக் கட்டணம் கிடையாது. நம் தோசையும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டிலுக்குச் செலவில்லை. மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை தி பேயின் இரவு ஒளிக்காட்சி, தாவரவியல் பூங்கா மூன்றும் இலவசம்.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அது மருத்துவக் காப்பீடு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காப்பீடு உண்டா என்று படித்துப் பாருங்கள். அங்கே சில நாள் மருத்துவமனையில் படுத்தால் பயணச் செலவு முழுவதையும் அது விழுங்கிவிடும். மருந்தைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

தினமும் இரவு செலவை எழுதுங்கள். வீடு திரும்பும்போது அடுத்த மாத மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் வைத்த பணம் அப்படியே இருந்தால், அதுதான் நல்ல பயணம்.