பாடநூலின் 'நாம்' யார்?



திருக்கோவிலூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியபின் பாடத்திட்டம் எழுதும் வேலைக்குப் போனேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதையே இந்த நினைவுரையில் பேச விரும்புகிறேன்.

'நமக்கு உதவுபவர்கள்' என்ற வகைப் பாடத்தைச் சின்ன வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். துணி வெளுப்பவர், செருப்புத் தைப்பவர், தெருக் கூட்டுபவர் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். தெருக் கூட்டும் தாயின் மகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா 'நமக்கு' உதவுபவர் என்றால் அந்த 'நாம்' யார்? அதற்குள் அந்தப் பிள்ளை இருக்கிறாளா?

வகுப்பில் இதை மாற்ற ஆசிரியருக்கு வாய் இருக்கிறது. "இந்த வேலையை ஏன் சில சாதியாரே செய்கிறார்கள்? கூலி எவ்வளவு?" என்று கேட்டுப் பாடத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் அது நாற்பது பிள்ளைகளோடு நின்றுவிடும். அடுத்த பள்ளியில் அச்சில் உள்ளதே பேசும். நல்ல ஆசிரியர் வாய்க்காத வகுப்பிலும் பிள்ளையின் மானத்தைக் காப்பதுதான் பாடத்திட்டத்தின் வேலை.

மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததைச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் ஒன்றாக்கியது. அதைச் செயல்படுத்த 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய வெற்றி அது. ஆனாலும் ஒரே புத்தகம் எல்லோர் கைக்கும் வருவது பாதி நீதிதான். அது யாரை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பது மறுபாதி.

கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போகும் பிள்ளை திரும்பி வருவதற்குள் வகுப்பு பல பாடங்களைத் தாண்டிவிடும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டைகளும் இருந்தன. பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். அதன்மேல் விமர்சனங்கள் உண்டு. ஆனால் வராமல் போகும் பிள்ளைக்கும் அந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. சமத்துவம் பாடப்பொருளில் மட்டுமல்ல, பாடத்தை அடுக்கும் முறையிலும் இருக்கிறது.

கல்வராயன் மலைப் பிள்ளைக்குத் தெரிந்த சாமையையும் கடுக்காயையும் 'பழங்குடியினர்' என்ற ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடக் கூடாது. அவை கணக்கில் எடையாகவும் அறிவியலில் விதையாகவும் வர வேண்டும். அம்பேத்கரும் அப்படித்தான். அரசியல் சட்டப் பாடத்தோடு அவரை முடித்துவிடாமல், 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவராகப் பொருளியலிலும் அவர் இருக்க வேண்டும்.

2017 நவம்பரில் வரைவுப் பாடத்திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. 2018 முதல் புதிய புத்தகங்கள் வந்தன. இனியும் வரைவுகள் வரும். அவற்றை நம் இரவுப் பாடசாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் 'நாம்' யார்? வீட்டுப்பாடத்தைச் செய்ய எந்த வீடு வேண்டும்? சாதியைச் சொல்லவைக்கும் பயிற்சி இருக்கிறதா? பதிலைப் பக்க எண்ணோடு எழுதி, உரிய நாளுக்குள் அனுப்புங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் பாடநூல் குழுவுக்குள் போக முயலுங்கள். வெளியே நின்று கண்டிப்பதும் தேவை, உள்ளே உட்கார்ந்து எழுதுவதும் தேவை.