லே வரைக்கும் போகல: சர்ச்சுவில் ஒரு ராத்திரி

போன எபிசோட் முடிக்கும்போது "அடுத்த வாரம் லடாக் ரோடு ட்ரிப் கதை"ன்னு சொல்லியிருந்தேன். நிறைய பேர் மெசேஜ் பண்ணி பாங்காங் ஏரி எப்படி இருந்துச்சு, கர்துங் லா ஏறினீங்களான்னு கேட்டிருந்தீங்க. முதல்லயே உண்மையைச் சொல்லிடறேன். நாங்க லடாக் போகல. லடாக் எல்லையில ஒரு ராத்திரி படுத்துட்டுத் திரும்பி வந்துட்டோம். இன்னைக்கு அந்தக் கதைதான்.

கொஞ்சம் பின்னணி. நானும் என் மனைவியும் காலேஜ்ல ஒரே கிளாஸ். ரெண்டு பேருக்கும் குருகிராம்ல வேலை. வீட்டு வாசல்ல தமிழ்நாடு நம்பர் பிளேட்டோட எங்க கார் நிக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட, ஜூன் கடைசியில அஞ்சு நாள் லீவு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு, மொத்தம் ஒன்பது நாள். மணாலி வழியா லே போறது, வழியில முடிஞ்ச இடத்துல டென்ட் போட்டுத் தங்கறதுன்னு திட்டம்.

நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். சாஃப்ட்வேர் ஆளுங்க இல்லையா, ஷீட் இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாது. எத்தனை கிலோமீட்டர், எங்க டீசல், எங்க டென்ட், எல்லாம் இருந்துச்சு. ஒரே ஒரு காலம் மட்டும் இல்ல. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர் உயரத்துல தூங்கப் போறோம்ங்கற காலம்.

அந்த நம்பர்களை இப்ப சொல்றேன், கவனிங்க. மணாலி சுமார் 2,000 மீட்டர், நம்ம கொடைக்கானல் மாதிரி. அங்க ஒரு ராத்திரி. அடுத்த நாள் அடல் டனல் வழியா லாஹௌல் போனோம். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம், 2020 அக்டோபர்ல திறந்தாங்க. முன்னாடி ரோதாங் கணவாய் ஏறி இறங்கணும், பாதி நாள் அதுலயே போயிடும். இப்ப பச்சை மலையில உள்ள நுழைஞ்சு, கொஞ்ச நேரத்துல மொட்டைப் பாறை மலையில வெளிய வர்றோம். ரெண்டாவது ராத்திரி ஜிஸ்பா, சுமார் 3,200 மீட்டர். தென்னிந்தியாவுலயே உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். அதை விட 500 மீட்டர் மேல ஒரு ஆத்தங்கரையில தூங்கறோம்.

ஜிஸ்பா அருமையான ஊர். பாகா ஆறு பக்கத்துலயே ஓடுது, பனி உருகின தண்ணி. டென்ட் போட்டு, சின்ன குக்கர்ல சாம்பார் சாதம் வெச்சோம். இதை எழுதி வெச்சுக்கங்க: மலைக்குப் போனா குக்கர் எடுத்துட்டுப் போங்க. உயரத்துல காத்தழுத்தம் குறையுறதால தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். 4,300 மீட்டர்ல 86 டிகிரி பக்கம்தான். திறந்த பாத்திரத்துல அரிசி வெச்சா கொதிச்சுக்கிட்டே இருக்கும், வேகாது.

அன்னைக்கு ராத்திரி அவ கேட்டா: "இங்க இன்னொரு நாள் இருக்கலாமா? இடம் நல்லா இருக்கு. உடம்பும் பழகிக்கும்." நான் போனைத் திறந்து ஷீட்டைக் காட்டினேன். "ஒரு நாள் போனா பாங்காங் போயிடும்." அவ ஒண்ணும் சொல்லல.

மூணாவது நாள் காலையில தார்ச்சா செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பிச்சோம். ஜிங் ஜிங் பார், அப்புறம் சூரஜ் தால் ஏரி, பாதி உறைஞ்சு கிடந்துச்சு. அதுக்கு மேல பாரலாச்சா கணவாய், கிட்டத்தட்ட 4,900 மீட்டர். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனிச் சுவர். மத்தியான வெயில்ல பனி உருகி ரோட்டுக்குக் குறுக்க ஓடைங்க பெருகி ஓடுது. ரெண்டு இடத்துல அவ இறங்கி ஆழம் பார்த்து சொல்ல, நான் வண்டியை இறக்கினேன். ஸ்டீயரிங் முழு நேரமும் என்கிட்டதான். அவளுக்கு நல்லாவே ஓட்டத் தெரியும். "மலையில நான் ஓட்டறேன், நீ வேடிக்கை பாரு"ன்னு மணாலியிலயே சொல்லிட்டேன்.

பாரலாச்சாவுலயே எனக்குத் தலை வலிச்சுது. பின்மண்டையில ஆரம்பிச்சு நெத்தி வரைக்கும். சாயங்காலம் சர்ச்சு வந்தோம். இமாச்சலும் லடாக்கும் சேர்ற இடம், பெரிய சமவெளி, சுமார் 4,300 மீட்டர். கோடையில மட்டும் டென்ட் கேம்ப் போடுவாங்க. காத்து பயங்கரம்னு நாங்க எங்க டென்ட்டை ஒரு கேம்ப் ஓரமா அடிச்சோம்.

"தலை வலிக்குதாடா?"ன்னு கேட்டா.

"இல்லையே. வெயில்ல ஓட்டினது, கண்ணு கூசுது."

இதுதான் இந்த ட்ரிப்ல நான் செஞ்ச பெரிய தப்பு. வேகமா ஏறினது ரெண்டாவது. இந்தப் பொய்தான் முதல்.

ஏன் சொன்னேன்னு திரும்பத் திரும்ப யோசிச்சிருக்கேன். ஒண்ணு, நான் ஹாஃப் மாரத்தான் ஓடறவன். அவ ஜிம் பக்கம் போனதில்ல. எனக்கு முன்னாடி அவளுக்குத்தான் ஏதாவது ஆகும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. உயரத்துக்கும் ஃபிட்னஸுக்கும் சம்பந்தமே இல்ல. நல்லா ஓடறவனுக்கும் வரும், நடக்காதவனுக்கு வராமலும் போகும். ரெண்டு, அவ மாத்திரை எடுத்துக்கலாமான்னு கிளம்பும்போதே கேட்டா. டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கற அசெடசோலமைட். "அதெல்லாம் பயந்தவங்களுக்கு, பூண்டு சாப்பிட்டா போதும்"னு வீடியோ பார்த்த ஞானத்துல சொல்லியிருந்தேன். இப்ப தலை வலிக்குதுன்னா தோத்த மாதிரி.

ராத்திரி சாப்பாடு இறங்கல. ஒரு தடவை வாந்தி. "பிஸ்கட் ஒத்துக்கல"ன்னேன். ஆபீஸ்ல இதை நாம தினமும் பண்றோம். அலர்ட் அடிக்குது, மியூட் பண்றோம். திரும்ப அடிக்குது, "இது எப்பவும் வர்றதுதான்"ங்கறோம்.

ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் போக எழுந்து டென்ட் ஜிப்பைத் தேடறேன், கைக்குக் கிடைக்கல. அவ டார்ச் அடிச்சா. "என்னடா பண்றே?" நான் ஏதோ பதில் சொன்னேனாம், வார்த்தை குழறுச்சாம். எனக்கு ஞாபகம் இல்ல. ஆக்சிமீட்டர் எடுத்து என் விரல்ல மாட்டினா. அவளுக்கு 84. எனக்கு 68. அந்த உயரத்துல எல்லாருக்குமே நம்பர் குறையும், நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு அவ படிச்சிருக்கா. வெளிய கூட்டிட்டுப் போய் டார்ச் வெளிச்சத்துல ஒரு கோடு காட்டினா.

"நேரா நட. ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடணும்."

மூணாவது அடியில சாஞ்சேன். சிரிச்சேன். அவ சிரிக்கல.

கோடு மாதிரி நேரா நடக்க முடியலன்னா அது வெறும் தலைவலி இல்ல. மூளையில நீர் கோத்து வீங்க ஆரம்பிச்சிருக்கலாம்ங்கறதுக்கு அடையாளம். அதுக்கு மருந்து ஒண்ணுதான் முதல்ல: கீழ இறங்கறது. அங்கதான் சர்ச்சுவோட பொறி. சர்ச்சு ஒரு கிண்ணம் மாதிரி. லே பக்கம் போனாலும் கணவாய் ஏறணும், மணாலி பக்கம் திரும்பினாலும் பாரலாச்சா ஏறணும். கீழ போகறதுக்கு முதல்ல 600 மீட்டர் மேல போகணும்.

போன்ல சிக்னல் கிடையாது. அவ பக்கத்து கேம்ப் காவலாளியை எழுப்பினா. வயசானவர், லாஹௌல்காரர். என்னைப் பார்த்ததும் ஒரு சிலிண்டர் கொண்டு வந்து மூக்குல மாஸ்க் வெச்சார். அவர் சொன்னது ரெண்டே விஷயம். இப்பவே கிளம்பாதீங்க, இருட்டுல ரோட்டு ஐஸ் தெரியாது. முதல் வெளிச்சத்துல கிளம்புங்க, அப்ப ஓடைங்கள்ல தண்ணி குறைவா இருக்கும், ராத்திரி பனி உருகாது. ரெண்டாவது, சிலிண்டரைக் கொண்டு போங்க, திரும்ப வர்ற லாரியில கொடுத்து விடுங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

நாலரை மணிக்கு அவ ஸ்டீயரிங்ல உட்கார்ந்தா. அதுக்கு முன்னாடி மலையில அம்பது கிலோமீட்டர் கூட நான் அவளை ஓட்ட விட்டதில்ல. நான் பக்கத்து சீட்ல மாஸ்க்கோட, கண்ணை மூடாம இருக்கணும்னு உத்தரவு. தூங்கக் கூடாதுன்னு கேள்வி கேட்டுக்கிட்டே வந்தா. "ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஹெச்ஓடி பேர் என்ன? என் அம்மா போன் நம்பர் சொல்லு. நம்ம வீட்டு வாடகை எவ்வளவு?" வாடகைக்கு மட்டும் தப்பில்லாம பதில் சொன்னேனாம்.

பாரலாச்சா வரைக்கும் முதல் கியர், ரெண்டாவது கியர். ஒரு இடத்துல வண்டி பின்னால வழுக்கிச்சு. பிரேக்கை மிதிக்காம, மெதுவா கியர்லயே பிடிச்சு நிறுத்தினா. எனக்கு அது மட்டும் தெளிவா ஞாபகம் இருக்கு: அவ ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல, உதடு அசையுது. பிரார்த்தனை பண்றாளோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டப்ப, "உன்னைத் திட்டிட்டு இருந்தேன்"ன்னா.

கணவாய் தாண்டி இறங்க இறங்க தலையில யாரோ இறுக்கின கயித்தைத் தளர்த்தற மாதிரி இருந்துச்சு. எட்டரைக்கு ஜிஸ்பா. நிக்காம கேலாங் அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் ஆக்சிஜன் போட்டு, ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் படுக்க வெச்சார். எங்க தூங்கினீங்க, எத்தனை நாள்னு கேட்டார். அவ சொன்னா. 3,000 மீட்டருக்கு மேல போனா, தூங்கற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னார். நாங்க ஒரே நாள்ல 1,100 ஏத்தியிருந்தோம். "ராத்திரி அங்கயே விடிய விடிய தூங்கட்டும்னு விட்டிருந்தா?"ன்னு அவ கேட்டா. அவர் பதில் சொல்லாம பேப்பர்ல எழுதிக்கிட்டிருந்தார்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் எங்களுக்குச் சண்டை வந்துச்சு. லே போகாததுக்கு இல்ல. "தலை வலிக்குதான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன். நீ பொய் சொன்னே. உடம்பு உன்னுது, ஆனா அந்த ராத்திரி வண்டி ஓட்டினது நான்"ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. மன்னிப்பு கேட்டேன். உடனே சரியாகல, ரெண்டு நாள் ஆச்சு.

மிச்ச லீவு முழுக்க ஜிஸ்பாவுல, அதே ஆத்தங்கரையில டென்ட். காலையில ஆத்துச் சத்தம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் குக்கர் விசில். பக்கத்து வயல்ல பட்டாணி பறிக்கறவங்களோட அவ உடைஞ்ச ஹிந்தியில பேசி, ஒரு பை பட்டாணியோட வருவா. நாங்க நினைச்ச ஆனிவர்சரி இது இல்ல. ஆனா அந்த நாலு நாள்ல பேசின அளவுக்கு அந்த வருஷம் முழுக்க நாங்க பேசினதில்ல.

நீங்க போறதா இருந்தா நாலு விஷயம். ஒண்ணு, ஷீட்ல தூங்கற உயரத்துக்கு ஒரு காலம் போடுங்க. நாள் குறைவுன்னா ஸ்ரீநகர் வழியா போங்க. சோனாமர்க், கார்கில்னு கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ரெண்டு, மாத்திரை வேணுமா வேண்டாமான்னு வீடியோகிட்ட கேட்காம டாக்டர்கிட்ட கேளுங்க, அலர்ஜி இருந்தா சொல்லுங்க. மூணு, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வெச்சுக்கங்க; வழியில சிக்னலே இல்லாத இடம் நிறைய. நாலு, ரெண்டு பேரும் ஓட்டுங்க. சமமான ரோட்டுல மட்டும் இல்ல, மலையிலயும்.

அஞ்சாவது, இது நாங்க ரெண்டு பேரும் போட்டுக்கிட்ட ஒப்பந்தம். யாராவது ஒருத்தர் "கீழ போலாம்"னு சொன்னா, காரணம் கேட்கக் கூடாது, ஷீட்டைத் திறக்கக் கூடாது. வண்டியைத் திருப்பணும். ஆபீஸ்ல ரோல்பேக் பண்ணினா யாரையும் நாம கோழைன்னு சொல்றதில்ல. மலையில மட்டும் ஏன் சொல்றோம்?

அடுத்த ஜூன்ல திரும்ப போறோம், ஸ்ரீநகர் வழியா, பதினாலு நாள். ஷீட் இந்தத் தடவை அவ போட்டிருக்கா. அதுல ஒரு காலம் இருக்கு, தலைப்பு "தலை வலிக்குதா?". ஒவ்வொரு நாளும் நான் கையால நிரப்பணும்.

உங்களுக்கும் இப்படித் திரும்பி வந்த பயணம் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. போய்ச் சேர்ந்த கதை எல்லாரும் சொல்றாங்க. திரும்பி வந்த கதைகளை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம். நல்லா தூங்குங்க, முடிஞ்சா தாழ்வான இடத்துல.